ஒப்பந்தம் கையெழுத்தானால் சரக்கு விலை இறங்குமா?

அண்டை நாடுகளுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் என்று செய்தி வந்ததும், சரக்கு விலை இறங்கிவிடும் என்ற பேச்சு கடைத்தெருவில் கிளம்பிவிடுகிறது. அதை நம்பிக் கொள்முதலை நிறுத்துவோரும் உண்டு, முன்பணம் கொடுப்போரும் உண்டு. ஆனால் கையெழுத்து வேறு, நடைமுறை வேறு.

சார்க் நாடுகள் ‘சாஃப்டா’ எனப்படும் தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கையெழுத்திட்டன. 2006இல் அது நடைமுறைக்கு வந்தது. இருந்தும் இந்நாடுகளின் மொத்த அயல்நாட்டு வணிகத்தில், தமக்குள் நடப்பது நூற்றுக்கு ஐந்து என்ற அளவிலேயே இருந்து வருகிறது. காரணங்களைப் பார்ப்போம்.

1. விலக்குப் பட்டியல்: ஒவ்வொரு நாடும் தன் விவசாயியையும் ஆலையையும் காக்க, சில சரக்குகளைச் சலுகையிலிருந்து விலக்கி வைக்கிறது. தீர்வை குறைந்தால் நட்டப்படும் ஆலைக்காரர் உடனே அரசிடம் முறையிடுவார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சமாகும் குடும்பங்கள் முறையிடுவதில்லை. நேபாளம், மாலத்தீவு போன்ற நாடுகளுக்கு இறக்குமதித் தீர்வையும் ஒரு முக்கிய வருவாய். அதை இழக்கவும் தயக்கம்.

2. பிறப்பிடச் சான்று: சரக்கு அந்த நாட்டிலேயே விளைந்ததா, பிற நாட்டுச் சரக்கு அங்கே பெயர் மாறி வருகிறதா என்ற ஐயம் எப்போதும் உண்டு. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் இதைக் கண்டோம். வெளிநாட்டுப் பாமாயிலை இலங்கையில் வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இங்கே அனுப்பினார்கள். நம் ஆலைகள் எதிர்த்தன. ஆண்டுக்கு 2½ லட்சம் டன் என்று பின்னர் வரம்பு கட்டப்பட்டது.

3. எல்லைச் செலவு: இந்திய லாரி கொண்டு செல்லும் சரக்கை வங்கதேச எல்லையான பேனாபோலில் இறக்கி, அந்நாட்டு லாரியில் மீண்டும் ஏற்றுகிறார்கள். தீர்வையில் மிச்சமானது ஏற்றுகூலி, இறக்குகூலி, காத்திருப்பு வாடகை எனக் கரைந்துவிடுகிறது.

4. அரசியல்: புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குகளுக்கு இந்தியா 200 சதவீதத் தீர்வை விதித்தது. அங்கிருந்து நேராக வந்த உலர் பேரீச்சை கட்டுப்படியாகாமல் போயிற்று.

ஆகவே, இனி ஒப்பந்தச் செய்தி வந்தால் நாம் மூன்றை விசாரிப்போம். நம் சரக்கு விலக்குப் பட்டியலில் உள்ளதா? விற்பவரிடம் பிறப்பிடச் சான்று உண்டா? எல்லைச் செலவு சேர்த்து நம் கிட்டங்கியில் இறங்கும் அடக்கவிலை என்ன? விடை தெரிந்த பின் முன்பணம் கொடுப்பதே முறை.