பங்குனி ஆமையும் கொல்லாமை விரதமும்
(ஞாயிறு அறநெறி வகுப்புக்குரிய பாடம்)

இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரதரின் இலாஞ்சனம் ஆமை என்பதை நம் சிறுவரும் அறிவர். பீடத்தில் கண்டு வணங்கும் அவ்வுயிரின் இனத்தைச் சேர்ந்த கடலாமை, நீலாங்கரைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் வந்து செல்கின்றது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியே அக்கரையை எளிதில் அடையலாம். ஆயினும் அவ்வுயிர் படும் துன்பத்தை நம்மில் பலர் அறியார்.

உயிரின் இயல்பு

ஐயறிவு விலங்குகளை நீரில் வாழ்வன, நிலத்தில் வாழ்வன, வானில் பறப்பன என நம் ஆகமங்கள் பகுக்கும். கடலாமை நீரில் வாழ்வது. எனினும் நுரையீரலால் மூச்சு விடுவது. ஆலிவ் ரிட்லி எனப்படும் இனத்தை நம் மீனவர் 'பங்குனி ஆமை' என்பர். தை முதல் பங்குனி வரை பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை கடலின்மேல் தெரியும் மெல்லொளியை நாடிச் செல்லும். கரையோர விளக்குகள் அதனினும் மிகுதியாக ஒளிர்ந்தால், திசை மாறிச் சாலையில் ஏறி மடியும்.

துன்பத்தின் காரணம்

இழுவை வலையில் சிக்கிய ஆமை, மேலே வந்து மூச்சுவிட இயலாமல் நீருக்குள்ளேயே இறக்கின்றது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடித்தல் கூடாது என்பது தமிழகத்தின் விதி. விதி இருந்தும், 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆமைகள் உயிரற்று ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதனை விசாரித்தது.

தொண்டு செய்வோர்

1970களில் ரோமுலஸ் விட்டேகர் முதலானோர் சென்னைக் கரையில் இரவு நடந்து முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவாயிற்று. இளைஞர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகம் சேர்த்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். சுப்ரஜா தாரிணி அவர்கள் 2002இல் நிறுவிய 'ட்ரீ' அறக்கட்டளை, மீனவ இளைஞரையே காவலராக்கியது. வலையால் துடுப்பு அறுந்த ஆமைகளுக்கு அங்கே சிகிச்சையும் நடைபெறுகின்றது. வலை வீசும் குலத்தவரே காக்கும் கரமும் ஆயினர். ஆகவே மீனவரை வெறுத்துப் பேசுதல் நமக்கு அழகன்று; மைத்திரி பாவனையே அழகு.

அறியாத கருணை

என் பிழையொன்றை இங்கே கூறியாக வேண்டும். 1980களில் என் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். மணலில் ஊர்ந்த குஞ்சுகள் ஏழினைக் காக்கைகளிடமிருந்து காத்து, வாளியில் குழாய் நீர் நிரப்பி அதிலிட்டுப் பள்ளிக்குக் கொணர்ந்தனர். நான் அவர்களைப் பாராட்டினேன். சோற்றுப் பருக்கையும் இட்டோம். நான்காம் நாளுக்குள் ஏழும் இறந்தன. பிறந்த குஞ்சின் உடலில் சில நாட்களுக்குரிய ஊட்டம் எஞ்சியிருக்கும். ஆழ்கடலை அடைவதற்கென்றே அமைந்த வலிமை அது. அதனை வாளியின் சுவரில் மோதி வீணாக்கச் செய்தோம்.

கொல்லாமை விரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தனுள் கட்டிவைத்தலும், உரிய உணவை விலக்குதலும் அடங்கும். கொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. ஆயினும் அவ்விரண்டும் நிகழ்ந்தன. அறிவு துணை நில்லாத தயை, தயையின் பயனைத் தாராது. இதனை எழுதுவதும் என் பிரதிக்கிரமணமே.

2016 சனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர் அரும்பாடுபட்டு அவற்றைக் கடலில் தள்ளினர். பல மீண்டும் கரைக்கே வந்தன. கடலில் தள்ளிவிடுதல் மட்டுமே மீட்பு ஆகாது என்பதற்கு இது சான்று.

நாம் செய்யத்தக்கவை

1. இரவில் கரையேறும் ஆமை முட்டையிட வந்தது, அது நோயுற்றதன்று. விலகி நின்று, விளக்கு அடிக்காமல் இருக்கவும்.
2. பகலில் சோர்ந்து கிடக்கும் ஆமையைக் கடலில் தள்ளற்க. நிழல் தந்து, ஓட்டின்மேல் ஈரத்துணி இடுக. கண்ணும் மூக்கும் மூடப்படலாகாது. துடுப்பைப் பிடித்து இழுத்தலும், உணவு ஊட்டுதலும் கூடா.
3. வனத்துறைக்கு உடனே தெரிவித்து, அவர்கள் வரும்வரை கூட்டத்தையும் நாய்களையும் விலக்குக.
4. குஞ்சுகளையும் முட்டைகளையும் வீட்டிற்கு எடுத்துவருதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.
5. நம் ஜீவதயை நிதியில் ஒரு பகுதியைக் காயமுற்ற உயிர்களின் சிகிச்சைக்கு ஒதுக்குக.

மகாவீரர் ஜெயந்தி கொண்டாடும் நாட்களில்தான் குஞ்சுகள் பொரிந்து கடலை நாடுகின்றன. கரையோரம் வீடுடைய அன்பர்கள் அவ்விரவுகளில் கடல் நோக்கிய விளக்கை அணைத்தால், அதுவும் ஓர் அபயதானமே.

வினாக்கள்

1. வலையில் சிக்கிய ஆமை நீருக்குள் இறப்பது ஏன்?
2. முட்டையிட வந்த ஆமையையும் நோயுற்ற ஆமையையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவாய்?
3. வாளியில் குஞ்சுகளை வளர்க்க முயன்றதில் நேர்ந்த அதிசாரங்கள் யாவை?