ஒரு சொல், இரு தேசங்கள்

கேள்வி: 'ஸ்பாஸ்' என்ற சொல் அமெரிக்காவில் வெறும் பரிகாசம், பிரிட்டனில் கொடிய வசை. இந்தப் பேதம் ஏன்?

பதில்: மூளை முடக்குவாதத்தால் தசைகள் இறுகியவர்களைக் குறித்த 'ஸ்பாஸ்டிக்' என்னும் வைத்திய பதத்தின் குறுக்கமான அச்சொல், அமெரிக்காவில் பூர்வார்த்தம் மங்கி, தடுமாற்றக்காரன் என்ற அளவில் தேய்ந்துபோயிற்று. பிரிட்டனிலோ, பள்ளிச் சிறுவர் வாயில் அது அங்கஹீனரை நேரே தாக்கும் ஆயுதமாகவே நிலைத்துவிட்டபடியால், அவர்களுக்கெனப் பாடுபட்ட 'ஸ்பாஸ்டிக்ஸ் சொஸைட்டி' என்ற ஸ்தாபனமே 1994-இல் 'ஸ்கோப்' என நாமம் மாற்றிக்கொண்டது. 2022-இல் அமெரிக்கப் பாடகியரான லிஸ்ஸோவும் பியோன்ஸேயும், ஆட்சேபம் எழுந்தபின், தத்தம் பாடலிலிருந்து அச்சொல்லை நீக்கினார்கள். சொன்னவரிடம் துவேஷம் இல்லாதிருக்கலாம்; ஆயினும் ஒரு சொல்லின் கடுமையை நிர்ணயிக்கும் அதிகாரம், அதனால் அடிபட்டவர்களுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம்.