சுவரில் ஓட்டை போடாமல் மாடிக்கு இணையம்



எங்கள் வீடு வாடகை வீடு. கீழே ஹால், சமையலறை. மாடியில் ஒரே ஒரு அறை. அந்த அறைதான் அக்காவின் படிப்பறை. ஃபைபர் இணைப்பின் ரூட்டர் கீழே டி.வி.க்குப் பின்னால் இருக்கிறது. அக்கா கல்லூரியில் கடைசி வருடம். போன மாதம் ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வை மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் வைஃபை போய்விட்டது. திரும்ப உள்ளே போக முடியவில்லை. அக்கா அழவில்லை, ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. அடுத்த கம்பெனித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. "நீதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பாச்சே, ஏதாவது பண்ணுடா" என்றார் அப்பா.

சுவரைத் துளைத்து கேபிள் இழுத்தால் வேலை முடிந்தது. ஆனால் வீட்டுக்காரர், "ஒரு ஓட்டை போட்டாலும் அட்வான்ஸ்ல பிடிச்சுப்பேன்"னு கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் மற்ற வழிகளைத் தேட வேண்டியதாயிற்று.

முதலில் செலவில்லாத வழி, ரூட்டரை இடம் மாற்றுவது. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும். 5-இல் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தூரம் போகும். எங்கள் வீட்டில் நடுவே இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ரூட்டரை டி.வி.க்குப் பின்னாலிருந்து எடுத்து மாடிப்படி ஓரம் உயரத்தில் வைத்தேன். இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியது. தேர்வை நம்பி எழுதும் அளவுக்கு இல்லை.

ரிப்பீட்டர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். சாதாரண ரிப்பீட்டர் கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோவில்தான். ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதுவும் சிக்னல் ஏற்கெனவே மோசமாக இருக்கும் மாடியில் அதை வைத்தால், மோசமான சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும்.

அடுத்தது மின்கம்பி வழியாகவே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர். ஒன்றைக் கீழே பிளக்கில் செருகி ரூட்டரோடு இணைக்க வேண்டும், இன்னொன்றை மாடியில் செருக வேண்டும். வீட்டு வயரிங்கே நெட்வொர்க் கேபிள் ஆகிவிடும்! கேட்க நன்றாக இருக்கிறது. அப்பாவின் நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தோம். எங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு. கீழே ஒரு பேஸ், மாடிக்கு வேறு பேஸ். ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு சிக்னல் மிகவும் தளர்ந்துதான் போகிறது. ஒரே பேஸ் உள்ள வீட்டுக்காரர்கள் முயன்று பார்க்கலாம். ஸ்பைக் பஸ்டரில் மட்டும் செருகாதீர்கள். மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவது அதன் வேலை, நம் சிக்னலையும் இரைச்சல் என்றே நினைத்து வடிகட்டிவிடும்.

அப்போதுதான் பரணில் கிடந்த பழைய ரூட்டர் நினைவுக்கு வந்தது. மாடி அறைக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் உண்டு, அதன் வழியாகக் கேபிள் விடலாம், ஓட்டை தேவையில்லை! கேட் 5 ஈ கேபிள் 20 மீட்டர் வாங்கினேன். (ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.) கிளிப் மாட்டும் க்ரிம்பிங் டூலை நம் லேபில் சாரிடம் கேட்டு வாங்கிப் போனேன்.

இங்கேதான் நான் சொதப்பினேன். கேபிளுக்குள் 8 கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய 4 ஜோடிகள். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக வரிசையாக அடுக்கி இரண்டு முனையிலும் ஒரே மாதிரி மாட்டினேன். டெஸ்டரில் 8 விளக்கும் எரிந்தது. ஆனால் இணைப்பு வரும், போகும், வரும், போகும். ஒரு நாள் முழுக்க மண்டை காய்ந்தது.

சார் பார்த்தவுடனே சிரித்துவிட்டார். 100 மெகாபிட் இணைப்பில் 1, 2 ஒரு ஜோடி. 3-க்கு ஜோடி 4 அல்ல, 6! நான் போட்ட வரிசையில் 3-ஆவது பச்சை ஜோடியிலிருந்தும் 6-ஆவது நீல ஜோடியிலிருந்தும் வந்திருக்கிறது. கம்பிகளை முறுக்கி வைப்பதே ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறாமல் இருக்கத்தான். ஜோடி பிரிந்தால் முறுக்கியும் பயனில்லை. கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்டருக்கு இது தெரியாது. சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேபிள் சரியானதும் இரண்டாவது சொதப்பல். பழைய ரூட்டரை மாடியில் அப்படியே செருகினேன். ஐந்து நிமிடத்தில் வீடு முழுக்க இணையம் நின்றுவிட்டது! அம்மா கீழேயிருந்து கத்துகிறார், அக்கா மாதிரித் தேர்வின் நடுவில் என்னை முறைக்கிறாள். காரணம், இரண்டு ரூட்டருக்கும் முகவரி 192.168.1.1. போதாததற்கு இரண்டுமே மற்ற கருவிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கத் தொடங்கிவிட்டன. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் வந்து ஆளுக்கொரு ரோல் நம்பர் கொடுத்தால் எப்படியிருக்கும்? அதே கதைதான்.

சரி செய்வது எளிது. பழைய ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். அதில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வேலையை நிறுத்தினேன். கீழேயிருந்து வரும் கேபிளை வான் என்று எழுதிய துளையில் செருகாமல் லான் துளையில் செருகினேன். இப்போது அது ரூட்டர் இல்லை, வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டி. மாடியில் அம்மாவின் போனுக்குக்கூட முழுக் கோடு!

வெளியே வெயிலில் காயும் பகுதிக்குச் சாதாரண கேபிள் உறை சீக்கிரம் வெடித்துவிடுமாம். அதனால் அந்த நீளத்துக்கு மட்டும் பி.வி.சி. பைப்பில் நுழைத்திருக்கிறேன். இடி இடித்தால் இரண்டு முனையையும் கழற்றி வைக்க வேண்டும். இது அப்பாவின் உத்தரவு.

தேர்வு அன்று அக்கா வைஃபையைக்கூட நம்பவில்லை. பழைய ரூட்டரிலிருந்து ஒரு சின்ன கேபிளை நேராக லேப்டாப்பில் செருகிக்கொண்டாள். நான் இரண்டு மணி நேரமும் கீழே ரூட்டர் பக்கத்தில் யாரும் சுவிட்சைத் தொடாமல் காவல் உட்கார்ந்திருந்தேன். இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.

மீதி 4 மீட்டர் கேபிளும் ஏழு கிளிப்பும் என்னிடம் இருக்கின்றன. கம்பி வரிசையைக் கையால் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் வியாழன் மதிய இடைவேளையில் லேபுக்கு வாருங்கள். டூலைத் தர சார் சம்மதித்துவிட்டார்.