தும்பைப்பூ வெள்ளை, இலையோ கசப்பு!

"தும்பைப்பூ மாதிரி வேட்டி", "தும்பைப்பூவாட்டம் இட்லி" என்று வாய் நிறையச் சொல்கிறோம். செடியைக் காட்டச் சொன்னால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் காட்டுவார்கள்?

மழைக்குப் பிறகு தருமபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள். அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று எங்கே திரும்பினாலும் கேழ்வரகுக் கொல்லை வரப்பிலும் தரிசிலும் தும்பை நிற்கும். துளசிக் குடும்பம்தான், தண்டைத் தடவினால் நாலு பட்டையாக இருக்கும். கணுவுக்குக் கணு உருண்டையான பச்சைக் கொத்து, அதில் உதடு மாதிரி வெள்ளைப் பூக்கள். பூவின் அடியை உறிஞ்சினால் துளித் தேன். இலையை மென்றாலோ முகம் கோணிவிடும்!

தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமானின் ஊர். அவனை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் சில தும்பைத் திணையைச் சேர்ந்தவை. எதிர்நின்று பொரும் வீரர்கள் சூடிய பூவாயிற்றே!

கேரளத்தில் ஓணக் கோலத்துக்கு இது வேண்டும். தெலங்கானாவில் விநாயகர் சதுர்த்தியன்று இலையைக் கீரையாகவே சமைக்கிறார்கள். நம் பாட்டிமார் சளி, இருமலுக்குப் பத்துப் பதினைந்து பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சி வடிகட்டிக் கொடுப்பார்கள். மூக்கடைப்புக்கு இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிப்பதும் உண்டு. இதமாக இருக்கும், அவ்வளவுதான். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் டெங்குவா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "பாம்பு கடிச்சா தும்பைச் சாறு குடு" என்பது கிராமங்களில் இன்றும் நடக்கிறது. சாறு குடித்துப் பிழைத்தவர் கதையும் ஊருக்கு ஒன்று இருக்கும். பொய் என்று சொல்லவில்லை. பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமலே கடிக்கும். அவர்கள் சாறு குடிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள்! நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலின் விஷத்துக்கும் விஷமுறிவு ஊசிதான் மருந்து. கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்துத்தான் கண் இமை சொருகும், மூச்சுத் திணறும். சாறு பிழியும் அந்த நேரம்தான் உயிரைக் காக்கும் நேரம். கடிபட்ட இடத்தைக் கீறாமல், கயிறு இறுக்காமல், கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பறிக்கும்போது களைக்கொல்லி அடித்த வரப்பை விட்டுவிடுங்கள். 'கவிழ்தும்பை' என்று இன்னொன்று உண்டு. பூ தலைகவிழ்ந்து, லேசான நீலமாக இருக்கும். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. இதற்குப் பதிலாக அதைப் பாலில் போட்டுவிடாதீர்கள்.