கம்பன் கண்ட கும்பகருணன்

கும்பகருணன் என்றதும் நம் நினைவுக்கு வருவது உறக்கமே. வகுப்பில் கண் அயரும் தோழியை அப்பெயரிட்டே கேலி செய்கிறோம். ஆனால் கம்பராமாயண யுத்த காண்டத்தில் நாம் காணும் வீரன் வேறு.

சீதையை விட்டுவிடும்படி அவன் அண்ணனுக்கு அறிவுரை கூறுகிறான். இராவணன் சினக்கவே, சூலம் ஏந்துகிறான். மீள மாட்டோம் என்று அறிந்தே, தான் மடிந்த பின்னரேனும் சீதையை விடுவிக்க வேண்டுகிறான். களத்தில் வீடணன் இராமனிடம் வருமாறு அழைக்கிறான். வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுப்பதே கடன் என்று மறுக்கிறான். தம்பியை மட்டும் இராமனிடமே திரும்பிச் செல்லப் பணிக்கிறான்.

கிரேக்கக் கவி ஹோமரின் இலியட்டிலும் இத்தகைய வீரன் ஒருவன் உண்டு. டிராய் நகருக்குத் துணையாக வந்த சார்ப்பெடான் அவன். ஊரார் தமக்கு விளைநிலமும் விருந்தும் அளித்துப் போற்றுவதால், முன்னணியில் நிற்பது தம் கடமை என்று நண்பனிடம் கூறுகிறான். அவ்வாறே பொருது மடிகிறான்.

இருவரும் காவியத் தலைவர்கள் அல்லர். ஆயினும் நம் நெஞ்சில் நிற்கின்றனர். செஞ்சோற்றுக் கடன் உயர்ந்ததே. ஆனால் கும்பகருணனைத் தீமையின் பக்கம் நிறுத்தியதும் அக்கடனே. அன்புக்குரியவர் தவறும்போது அவனைப்போல் அஞ்சாது எடுத்துரைப்போம். கேளாவிடில், தவறுக்குத் துணை போகாதிருக்க வீடணனிடம் கற்போம்.