மின் வண்டியில் ஆற்றல் எங்கே போகிறது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கிணற்றில் நீர் இருக்கிறது. ஆனாலும் கடைசிப் பாத்தியில் பயிர் வாடுகிறது. அந்நிலையில் கிணற்றை மேலும் ஆழப்படுத்தக் கடன் வாங்கக் கிளம்புகிறவரைப் பார்த்து, "முதலில் வாய்க்கால் வழியே நடந்து பார்த்துவிட்டு வா" என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். வாய்க்காலில் எலி வளை இருந்தால் கிணறு எவ்வளவு ஆழமாக இருந்தென்ன?

மின்சாரத்தால் ஓடும் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கிணற்றைப் பற்றியே பேசுகிறோம். பேட்டரி எத்தனை யூனிட் கொள்ளும், ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறோம். பேட்டரிக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள வாய்க்காலைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவ்வாய்க்காலின் வழியே நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சென்ற ஆண்டு டீசல் வண்டியை விற்றுவிட்டுக் கடனில் மின்சார ஆட்டோ வாங்கினார். விற்றவர்கள் நூறு கிலோமீட்டர் ஓடும் என்றார்கள், ஓடியதோ எழுபத்தைந்து. மாலை ரயிலுக்கு வரும் பயணிகளை ஏற்ற முடியாமல் வண்டி வீடு திரும்பிவிடும். இன்னொரு பேட்டரி வாங்க அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. அப்போது அப்பா என்னிடம், "உன் பாடத்துல இதுக்கு ஏதாச்சும் வழி சொல்லியிருக்காங்களா, தம்பி?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. தேடிக் கற்றதை இங்கே தருகிறேன்.

ஆற்றல் செல்லும் வழி

பேட்டரியில் இருப்பது நேர்த்திசை மின்னோட்டம். அதனை மூன்று கட்ட மாறுதிசை மின்னோட்டமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர் (ஓட்டுநர்கள் இதனைக் 'கன்ட்ரோலர்' என்பர்). அதிலிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக அச்சுக்கும், அச்சிலிருந்து சக்கரத்துக்கும் ஆற்றல் செல்கிறது. ஒவ்வொரு நிலையிலும் சிறு பகுதி வெப்பமாகக் கசிகிறது.

நிலைகளின் பயனுறுதிறன்களை ஒன்றோடொன்று பெருக்கினால்தான் மொத்தப் பயனுறுதிறன் கிடைக்கும். இன்வெர்ட்டர் 95 விழுக்காடு, மோட்டார் 90, பற்சக்கரம் 95 என்று கொண்டால், மொத்தம் ஏறக்குறைய 81 விழுக்காடுதான். தனித்தனியே பார்த்தால் மூன்றும் நல்ல மதிப்பெண்களே. சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் வழியிலேயே போய்விட்டது.

மாறும் இழப்பும் மாறா இழப்பும்

மோட்டாரில் நேரும் இழப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தாமிரக் கம்பிச் சுருளில் தோன்றும் வெப்பம். 1841-இல் ஜூல் வெளியிட்ட விதிப்படி இது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்க வரும் தொகை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். மேலும் தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.39 விழுக்காடு உயரும். ஆகவே 20 பாகையில் இருந்த சுருள் 120 பாகைக்குச் சூடானால் அதே மின்னோட்டத்துக்கு இழப்பு 39 விழுக்காடு கூடிவிடும். மோட்டாரைக் குளிர்வாக வைப்பதும் மின்சாரத்தைச் சேமிப்பதே என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, இரும்பு உள்ளகத்தில் நேரும் இழப்பு. காந்தப்புலம் திசை மாறும்போதெல்லாம் தயக்க இழப்பும், சுழல் மின்னோட்ட இழப்பும் ஏற்படுகின்றன. இவை காந்தப் பாயத்தையும் வேகத்தையும் பொறுத்தவை. குறிப்பிட்ட வேகத்தில், வண்டியில் ஓர் ஆள் இருந்தாலும் ஆறு ஆள் இருந்தாலும் இவை பெரிதும் மாறுவதில்லை. தாங்கு உருளைகளின் உராய்வையும் இவற்றோடு சேர்க்கலாம்.

இவ்விரண்டையும் கொண்டு ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரே வேகத்தில் ஓடும் 48 வோல்ட் மோட்டார் ஒன்றில் மாறா இழப்பு 120 வாட் என்றும், மின்தடை 0.03 ஓம் என்றும் கொள்வோம். 10 ஆம்பியர் இழுக்கையில் உள்ளே செல்வது 480 வாட்; இழப்பு 123 வாட்; பயனுறுதிறன் 74 விழுக்காடு. 63 ஆம்பியரில் உள்ளே செல்வது 3024 வாட். இழப்பு 239 வாட். பயனுறுதிறன் 92 விழுக்காடு. 150 ஆம்பியரில் 7200 வாட்டுக்கு 795 வாட் இழப்பு. பயனுறுதிறன் மீண்டும் 89-க்கு இறங்கிவிடுகிறது.

63 ஆம்பியரில் என்ன சிறப்பு? அங்கேதான் தாமிர இழப்பும் 119 வாட் ஆகி, மாறா இழப்பைத் தொடுகிறது. இரு இழப்புகளும் சமமாகும் இடத்தில் பயனுறுதிறன் உச்சம் பெறும் என்று மின்மாற்றிப் பாடத்தில் நாம் படித்ததுதான் இது. எனவே 'இந்த மோட்டாரின் பயனுறுதிறன் 92 விழுக்காடு' என்ற கூற்று அரை உண்மையே. எந்தச் சுமையில், எந்த வேகத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நகரத்தில் நின்று நின்று ஓடும் வண்டி அந்த உச்சத்தில் இருக்கும் நேரம் சிறிது. பெரும்பாலும் அது இரு ஓரங்களிலும் அலைகிறது. உச்சத்தை இன்னும் உயர்த்துவதைக் காட்டிலும் ஓரங்களைச் சீர்செய்வதிலேயே பலன் மிகுதி.

அறிஞர்கள் கண்ட வழிகள்

உள்ளகத்தைக் கட்டி இரும்பாகச் செய்யாமல், காப்பிட்ட மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்வது பழைய வழி. சுழல் மின்னோட்ட இழப்பு தகட்டுத் தடிமனின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். தடிமனைப் பாதியாக்கினால் அவ்விழப்பு நாலில் ஒன்றாகும். இரும்போடு சிலிக்கான் கலப்பதும் மின்தடையை உயர்த்தி இதே பணியைச் செய்கிறது.

அடுத்தது காந்தம். தூண்டல் மோட்டாரில் காந்தப்புலத்தை உண்டாக்கவும் மின்னோட்டம் செலவாகிறது. சுழலியிலும் தாமிர இழப்பு உண்டு. நிலைக்காந்த மோட்டாரில் இச்செலவு இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்ட நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தமே இவ்வகை மோட்டாரைச் சிறிதாகவும் வலிதாகவும் ஆக்கியது. 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் கார் தூண்டல் மோட்டாரில் ஓடியது. 2017-இல் வந்த மாடல் 3 நிலைக்காந்தத்துக்கு மாறியது. ஆனால் நிலைக்காந்தத்தை நினைத்தபோது அணைக்க முடியாது. சுமையின்றி உருளும்போதும் அது இரும்பில் இழப்பை உண்டாக்கும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இனி இன்வெர்ட்டர். இதன் உள்ளே குறைகடத்திச் சாவிகள் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. மூடியிருக்கையில் கடத்தும் இழப்பும், மாறும் கணத்தில் மாற்ற இழப்பும் நேர்கின்றன. கார்களில் இதற்குப் பெரிதும் பயன்பட்டு வந்தது ஐ.ஜி.பி.டி. என்னும் சாவி. 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இதனை உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. இவர் 1948-இல் சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் பெற்றவர். 2024-இல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது.

ஐ.ஜி.பி.டி.யில் ஒரு குறை உண்டு. சிறு மின்னோட்டம் பாய்ந்தாலும் அதன் குறுக்கே ஏறத்தாழ ஒரு வோல்ட் மின்னழுத்தம் வீணாகும். எனவே குறைந்த சுமையில் அதன் இழப்பு விகிதம் மிகும். சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் ஒரு மின்தடைபோல் நடப்பதால், மின்னோட்டம் குறைந்தால் இழப்பும் குறைந்துவிடும். சிலிக்கானின் விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கான் கார்பைடுக்கு ஏறத்தாழ 3.26. அது தாங்கும் மின்புலமும் சிலிக்கானைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. ஆகவே மிக மெல்லிய அடுக்கே போதும். மெல்லியதானால் மின்தடை குறைவு. திண்மநிலை இயற்பியலில் நாம் மனப்பாடம் செய்யும் ஓர் எண், சாலையில் ஓடும் வண்டியின் கிலோமீட்டரைத் தீர்மானிக்கிறது! எனினும் 48 வோல்ட் ஆட்டோவுக்குச் சாதாரண சிலிக்கான் மாஸ்ஃபெட்டே போதும் என்பதையும் கூறவேண்டும்.

மூன்றாவது வழி கட்டுப்பாட்டு முறை. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெலிக்ஸ் பிளாஷ்கே வகுத்த முறையில், மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் காந்தப் பாயத்தை உண்டாக்கும் கூறு, திருப்பு விசையை உண்டாக்கும் கூறு என இரண்டாகப் பகுக்கப்பட்டுத் தனித்தனியே ஆளப்படுகிறது. இதனால் சுமை குறைந்தபோது தூண்டல் மோட்டாரின் காந்தப் பாயத்தைக் குறைத்து இரும்பு இழப்பைத் தணிக்கலாம். மாறா இழப்பு என்றோமே, அதனையும் மாறச் செய்வது இம்முறை. கூடுதல் தாமிரமோ காந்தமோ தேவையில்லை. கணக்கு ஒன்றே போதும்.

நான் செய்த பிழை

மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் பாதியாகும். எனவே 96 வோல்ட் மோட்டாரில் தாமிர இழப்பு நாலில் ஒன்றாகிவிடும் என்று எழுதி எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர், "96 வோல்ட்டுக்கு அந்த மோட்டாரை எப்படிச் சுற்றுவாய்?" என்று மட்டும் கேட்டார்.

விடுதிக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அதே இடத்துக்குள் இரண்டு மடங்கு சுற்றுகள் வேண்டும். கம்பியின் நீளம் இரண்டு மடங்கு, குறுக்குப் பரப்பு பாதி. மின்தடை நான்கு மடங்கு. மின்னோட்டத்தால் பெற்ற லாபம் மின்தடையில் போய்விட்டது. இணைப்புக் கம்பிகளிலும் முனைகளிலும்தான் உண்மையான லாபம். 2019-இல் வந்த போர்ஷே டைகான் போன்ற 800 வோல்ட் கார்களும் மெல்லிய கம்பிக்காகவும் விரைவான மின்னேற்றத்துக்காகவுமே அம்முறையைக் கொண்டுள்ளன. இப்பிழை எனக்குக் கற்பித்த அளவுக்கு எந்தப் பக்கமும் கற்பிக்கவில்லை.

நாங்கள் செய்து பார்த்தது

மோட்டாரை மாற்ற எங்களால் ஆகாது. ஆனால் மோட்டார் எந்த நிலையில் வேலை செய்கிறது என்பது ஓட்டுபவர் காலிலும் கையிலும் இருக்கிறது.

புறப்படும் வேகத்தை எடுத்துக்கொள்வோம். முடுக்கத்தைப் பாதியாக்கினால் மின்னோட்டம் பாதி. தாமிர இழப்பு நாலில் ஒன்று. நேரமோ இரண்டு மடங்கு. ஆக மொத்தத் தாமிர இழப்பு பாதியாகும். நிறுத்துவதில் இன்னும் பெரிய தொகை உண்டு. 700 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் அதன் இயக்க ஆற்றல் 35,000 ஜூல். பிரேக்கை அழுத்தினால் முழுவதும் வெப்பமாகிவிடும். முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டாரே மின்னியற்றியாக மாறிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். நாளில் நூறு நிறுத்தம் என்றால் இது ஏறக்குறைய ஒரு யூனிட். பாதி திரும்பினாலும் அரை யூனிட் மிச்சம்.

மின்னேற்றும் இடத்தில் தனி மீட்டர் ஒன்று பொருத்தினோம். முதல் ஆறு நாட்கள் அப்பா வழக்கம்போல் ஓட்டினார்: 438 கிலோமீட்டர், 46.6 யூனிட். அடுத்த ஆறு நாட்கள் டயர்களில் காற்றைச் சரிபார்த்து, மெதுவாகப் புறப்பட்டு, நிறுத்தத்துக்கு முன்பே ஆக்சிலரேட்டரை விட்டு ஓட்டினார்: 451 கிலோமீட்டர், 42.5 யூனிட். யூனிட்டுக்கு 9.4 கிலோமீட்டர் என்பது 10.6 ஆயிற்று. பயணிகள் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியிருக்கும். மூன்று மாற்றங்களில் எதற்கு எவ்வளவு பங்கு என்றும் பிரிக்க இயலாது. எனவே இதனை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் 75 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 85 கிலோமீட்டர் ஓடுகிறது. மாலை ரயில் பயணிகளை ஏற்ற முடிகிறது. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.

விற்றவர்கள் சொன்ன நூறு இன்னும் வரவில்லை. அந்த நூறு, ஒரே சீரான வேகத்தில் உச்சத்துக்கு அருகே ஓட்டிக் கண்ட எண்ணாக இருக்கலாம் என்று அப்பாவிடம் விளக்கினேன். நோட்டில் இருந்த வளைகோட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப வண்டி மேல தப்பு இல்ல, கேட்ட கேள்வியிலதான் தப்பு" என்றார். நான் இரண்டு பக்கங்களில் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நண்பர்களே! நம்முள் பலர் வீடுகளில் பம்புசெட், மாவு அரவை எந்திரம், தையல் எந்திர மோட்டார் என ஏதேனும் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். எந்தச் சுமையில் அது உச்சத்தில் நிற்கிறது, எந்தச் சுமையில் அதை நாம் ஓட்டுகிறோம் என்று ஒரு மீட்டரையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு பார்ப்போம். நமக்காகச் செலவழித்தவர்களின் வீட்டு மின் கட்டணத்தில் நாம் படித்த இயற்பியல் ஒரு ரூபாயேனும் குறைக்குமானால், அதுவும் ஒரு தேர்ச்சிதான்.