வீட்டு விலையும் தரகர் பேச்சும்

வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ வாங்கும் பொருள் வீடு. கத்தரிக்காய் வாங்குபவர் நாள்தோறும் பேரம் பேசிப் பழகுகிறார். வீடு வாங்குபவருக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. அவர் எதிரே அமர்ந்திருக்கும் தரகரோ அதே பேச்சை வாரந்தோறும் பேசுபவர். ஒருவருக்கு அது முப்பது ஆண்டுச் சேமிப்பு. மற்றவருக்கு அன்றாடத் தொழில். இந்த உரையாடல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தில்லியில் பயிலும் நமக்கு இது தொலைவான பொருள் அன்று. நம்முள் பலருடைய பெற்றோர் அரசுக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் வந்த சேமநிதியைக் கொண்டு வேறொரு வீடு தேட வேண்டும். அத்தகைய நிலையில் இருந்த நண்பர் ஒருவரின் தந்தையாருடன் சென்ற விடுமுறையில் நானும் வீடு பார்க்கச் சென்றேன். பொருளியல் மாணவன் என்ற முறையில், பேசப்பட்டவற்றைக் குறித்துக்கொண்டேன். இங்கே தரகரைப் ‘பிராபர்ட்டி டீலர்’ என்பார்கள்.

தரகர் எவர் பக்கம்?

தில்லியில் விற்பவரும் வாங்குபவரும் ஆளுக்கு நூற்றுக்கு 1 வீதம் தரகு கொடுப்பது பொது வழக்கம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு நம்மிடமிருந்து தரகருக்குக் கிடைப்பது 60,000. நாம் பேசி 3 லட்சம் குறைத்தால் அவர் நம்மிடம் இழப்பது 3,000 மட்டுமே. ஆனால் வியாபாரம் முறிந்தால் 60,000மும் போய்விடும். ஆகவே அவர் விற்பவர் பக்கமும் இல்லை, வாங்குபவர் பக்கமும் இல்லை. வியாபாரம் விரைவில் முடிவதன் பக்கம் இருக்கிறார்.

இதற்கு அமெரிக்க ஆய்வொன்று நல்ல சான்று. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்னும் பொருளியலார் இருவர் சிகாகோ வட்டாரத்து வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008 இல் முடிவை வெளியிட்டனர். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது பிறர் வீட்டைவிட ஏறத்தாழ 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தனர், 3.7 விழுக்காடு அதிக விலையும் பெற்றனர். பிறர் வீடு என்றால், வந்த விலைக்கு விரைவாகக் கொடுத்துவிடும்படி தூண்டினர் என்று கருத இடமிருக்கிறது.

இதை உணர்ந்தவருக்குத் தரகரின் சொற்கள் எளிதில் விளங்கும். “பாபுஜீ, நேற்று ஒருவர் பார்த்துவிட்டுப் போனார், மாலையில் பயானா கொடுக்க வருகிறார்” என்று நாங்கள் பார்த்த நான்கு வீடுகளில் மூன்றில் கேட்டோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அச்சொல்லின் வேலை நம்மை விரைவுபடுத்துவதே.

முதலில் சொன்ன எண்

தரகரின் முதற்கேள்வி, “பட்ஜெட் க்யா ஹை?” என்பதே. பரிவோடுதான் கேட்கிறார். ஆனால் நாம் 60 என்று சொன்ன நொடியிலிருந்து 60க்குக் கீழே எந்த வீடும் நம் கண்ணில் படுவதில்லை.

முதல் எண்ணுக்குப் பேராற்றல் உண்டு. 1987 இல் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் ஒரு சோதனை நடத்தினர். ஒரே வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமிக்க வீட்டுத் தரகர்களுக்கும் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். விவரக் குறிப்பில் விற்பவர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். உயர்ந்த விலையைப் பார்த்தவர் உயர்வாகவும், குறைந்த விலையைப் பார்த்தவர் குறைவாகவும் மதிப்பிட்டனர். தரகர்களும் இதற்கு விலக்கல்லர். ஆனால் அந்த விலை தங்களைப் பாதித்ததாக அவர்களுள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலறிந்தவரையே அசைக்கும் எண், புதியவரை என்ன செய்யாது?

எந்தச் சதுர அடி?

நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டை மூடிக்கொண்டு விரலைத் தொட்டு விலை பேசும் வழக்கம் உண்டு. அங்கே விலை மறைவது சுற்றி நிற்பவர்களுக்கு. வீட்டுப் பேரத்தில் சில வேளை வாங்குபவருக்கே மறைந்துவிடுகிறது. அதற்கு உதவும் துண்டு, சதுர அடி.

“ஆயிரம் அடி, அடி 6,000 ரூபாய்” என்கிறார் தரகர். 60 லட்சம் என்று நாம் கணக்கிடுகிறோம். அந்த ஆயிரத்தில் படிக்கட்டு, மின்தூக்கி, பொது நடை ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கலாம். இதுவே ‘சூப்பர் ஏரியா’. சுவருக்குள் நாம் புழங்கும் இடமாகிய ‘கார்ப்பெட் ஏரியா’ 700 அடியே என்றால், உண்மை விலை அடிக்கு ஏறத்தாழ 8,570 ரூபாய். 2016 ஆம் ஆண்டு வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை தந்துள்ளது: உட்சுவர்கள் சேரும், வெளிச்சுவர்களும் பால்கனியும் சேரா. நண்பரின் தந்தையார் அளவு நாடாவைப் பையில் வைத்திருந்தார். அதை அவர் வெளியே எடுத்ததும் பேச்சின் போக்கே மாறியதைக் கண்டேன்.

இரண்டு கணக்கு

விலை நெருங்கியதும், “வெள்ளையில் எவ்வளவு, ரொக்கமாக எவ்வளவு?” என்ற கேள்வி வரக்கூடும். தில்லியில் 2007 முதல் பகுதிவாரியாக ‘சர்க்கிள் ரேட்’ என்னும் அரசு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டு வழிகாட்டி மதிப்பைப் போன்றது. பத்திரத்தில் அதை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை குறையும் என்பார்கள். அது சட்ட விரோதம், வாங்குபவருக்கு நட்டமும்கூட. வங்கிக் கடன் பத்திரத் தொகையை ஒட்டியே கிடைக்கும். பின்னாளில் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தோன்றுவதால் ஆதாய வரி கூடும். 2015 ஜூன் 1 முதல் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கும் தடை உண்டு.

பயானா

பயானா என்பது நம் அச்சாரமே. கொடுத்த பின் வாங்குபவர் விலகினால் அது போகும். விற்பவர் விலகினால் இரட்டிப்பாகத் தருவது இங்குள்ள வழக்கம். “டேபிளில் உட்காருங்கள், குறைத்துத் தருகிறேன்” என்று தரகர் சொல்வதன் பொருள், பணத்தோடு வாருங்கள் என்பதே. பணம் கைமாறிய பின் பேரம் பேசும் வலிமை நம்மிடம் இராது. ஆகவே மூலப்பத்திரம், வில்லங்கம், நிலுவை வரி ஆகியவற்றைப் பார்த்த பிறகே பயானா. அதுவும் எழுத்து மூலம். ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும் புதிய கட்டடங்களில், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டுநர் பெறக்கூடாது.

நாம் செய்யத்தக்கவை

தரகர் இல்லாமல் இப்பெருநகரில் வீடு காண்பது அரிது. சாவி வாங்கி வருவதும், பத்திரங்களைத் திரட்டுவதும், இரு தரப்பாரையும் ஓரிடத்தில் அமர்த்துவதும் அவர் உழைப்பே. அதற்குரிய தரகைக் கொடுப்பது முறை. விலையைத் தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் அவரிடம் விட்டுவிடலாகாது.

வீடு பார்க்கப் புறப்படும் முன், அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையை இரண்டு மூன்று பேரிடம் கேட்டு நம் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தரகு, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்துமிடம், பழுதுபார்ப்பு எல்லாம் கூட்டிய மொத்தமே வீட்டின் விலை. பட்ஜெட் கேட்டால், “முதலில் நீங்கள் விலை சொல்லுங்கள்” என்பதே விடை. எந்த வீட்டுக்கும் பார்த்த அன்றே பயானா வேண்டா.

நம் பெற்றோர் பலர் மரியாதை கருதிக் கேள்வி கேட்கத் தயங்குவர். கணக்கும் சட்டமும் படித்த நாம் அவர்களுடன் சென்று, அந்தக் கேள்விகளைப் பணிவுடன் கேட்போமாக. படித்த படிப்பு வீட்டுக்குப் பயன்படும் நாள் அதுவே.